நான்கு வாய்க்கால்களும் ஓர் அறை வீடும்



தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் குடியிருக்கிற நம் குடும்பங்களின் வீடுகளுக்கு ஜெபிக்கச் செல்லும் எந்தப் போதகரும் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார். பதினைந்து ஆண்டுகளாக வாழ்ந்த வீடாயிருக்கும். ஆயினும் நேற்றிரவுதான் ரயிலைவிட்டு இறங்கி வந்ததுபோல் தோன்றும். கட்டிலுக்கடியில் கயிறு கட்டிய பெட்டிகள். பீரோவின்மேல் தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டை. ஊருக்குத் திரும்பும்போது உதவுமாம். சுவரில் ஒரு நாட்காட்டி, ஒரு வசன அட்டை, ஒரு டியூப்லைட். கேட்டால், "இது தங்குகிற இடந்தானே ஐயா, வீடு ஊரில் கட்டியிருக்கிறோம்" என்பார்கள். ஊரிலே தேக்குக் கதவும் பளிங்குத் தரையும் உள்ள அந்த வீட்டில் குடியிருப்பது பூட்டு ஒன்றுதான். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, படித்து முடித்ததெல்லாம் அட்டைப்பெட்டிகளின் நடுவிலேயே.

இந்த ஆண்டு குளிர்காலத்தின் கடைசியில் உங்கள் குடும்பத்தோடு தோட்டம் பார்க்கப் போங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல. உங்கள் அறையைப் பார்க்கிற கண்ணை அங்கே பெற்றுக்கொண்டு வரலாம். தலைநகரில் நாம் காண்கிற ஒழுங்கமைந்த தோட்டக்கலையை இந்த நாட்டில் ஊன்றினவரும் நம்மைப்போல் வெளியூரிலிருந்து வந்தவரே.

பாபர் 1526-இல் பானிப்பட்டில் வென்று இந்த நாட்டில் கால்வைத்தபோது, இந்த வெப்பமும் புழுதியும் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஓடும் நீர் இல்லை, ஒழுங்கான தோட்டம் இல்லை என்று தம் நினைவுக்குறிப்புகளில் குறைபட்டு எழுதியிருக்கிறார். காபூலின் முலாம்பழத்துக்கு ஏங்கினார். ஆனால் ஏங்கிக்கொண்டே உட்கார்ந்துவிடவில்லை. ஆக்ராவில் யமுனையின் மறுகரையில் கிணறு வெட்டி, வாய்க்கால் இழுத்து, அளவெடுத்துப் பாத்தி பிரித்துத் தோட்டம் அமைத்தார். அப்படிப்பட்ட ஒழுங்கை அதற்குமுன் பார்த்திராத மக்கள் ஆற்றின் அந்தப் பக்கத்தையே காபூல் என்று அழைத்தார்களாம். அவர் 1530-இல் மரித்தார். உடல் முதலில் ஆக்ராவில் வைக்கப்பட்டு, பின்னர் அவர் நேசித்த காபூலின் தோட்டத்துக்கே கொண்டுபோகப்பட்டது. கடைசியில் அவரும் சொந்த ஊருக்குத் திரும்பினார். ஆனால் இங்கே இருந்த நான்கு ஆண்டுகளையும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கழிக்கவில்லை.

இதைவிட நமக்கு நெருங்கிய சாட்சி ஒன்று உண்டு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதருக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பின கடிதத்தை, அவருடைய புத்தகத்தின் 29ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். விரைவில் திரும்பிவிடுவோம் என்று காத்திருந்தவர்களுக்கு அவர் சொன்ன முதற்காரியம் வீடு கட்டிக் குடியிருப்பதும் தோட்டம் நாட்டி அதின் பலனை உண்பதுமே. அந்தச் சிறையிருப்பு எழுபது ஆண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது நிஜாமுதீன் பக்கத்திலுள்ள ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். கல்லறை என்றதும் சிலர் தயங்குவார்கள். தொல்லியல் துறை காத்துவரும் நினைவுச்சின்னம் அது. தோட்டத்தைப் பார்ப்பதற்கு மனச்சாட்சியில் தடை வேண்டியதில்லை. பாபருடைய மகனுக்காக 1560களில் எழுப்பப்பட்ட இது, இந்தியத் துணைக்கண்டத்தின் முதல் தோட்டக் கல்லறை. 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பாரசீக மொழியில் சார்பாக் என்றால் நான்கு தோட்டம். நடுவிலிருந்து நான்கு திசைக்கும் நீர் ஓடும். ஒவ்வொரு கால்பகுதியும் மேலும் பிரிக்கப்பட்டு, மொத்தம் 36 சதுரங்களாக நிலம் விரியும். ஏதேனிலிருந்து புறப்பட்ட நதி நான்கு கிளையாகப் பிரிந்ததை அறிந்த வேத வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. பரதீசு என்று நாம் சொல்லுகிற சொல்லே பழைய ஈரானிய மொழியில் சுவரால் சூழப்பட்ட இடம் என்னும் பொருளிலிருந்து கிரேக்கத்தின் வழியாய் நம் வேதாகமத்துக்கு வந்ததுதான்.

அங்கே வாயிலுக்குள் நுழைந்தவுடன் நடந்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் கண் எங்கே போகிறது? நேரே போகும் பாதை, அதன் நடுவே சிறிய வாய்க்கால், முடிவிலே மாடம். வாய்க்கால் ஒரு சிறு பிள்ளை தாண்டிவிடக்கூடிய அகலந்தான். இத்தனை பெரிய நிலத்தை அந்த மெல்லிய கோடு கட்டி ஆளுகிறது. நெடுங்காலம் வறண்டு கிடந்த இந்த வாய்க்கால்களும் ஊற்றுகளும் 2003-இல் முடிந்த சீரமைப்புக்குப் பின்னர் மறுபடி ஓடத்தொடங்கின. இன்னொன்றையும் கவனியுங்கள். சதுரங்களில் பெரும்பகுதி வெறும் புல்தரை. மரங்களைக் கண்ட இடமெல்லாம் அடைத்து வைக்கவில்லை. வெறுமையாய் விடப்பட்ட இடமே அந்தத் தோட்டத்துக்கு அமைதியைக் கொடுக்கிறது.

இப்பொழுது உங்கள் அறை வாசலில் நின்று பாருங்கள். கதவைத் திறந்தவுடன் கண்ணில் படுவது எது? அநேக வீடுகளில் செருப்புக் குவியலும், காலியான காஸ் சிலிண்டரும், பாதி ஜன்னலை மறைத்த பீரோவும். ஓர் அறை வீட்டிலும் ஒரு நேர்க்கோடு உண்டு. அது வாசலிலிருந்து ஜன்னலுக்குப் போகிற கோடு. அந்தக் கோட்டில் தடையாய் நிற்பதை ஓரத்துக்குத் தள்ளினாலே அறை பெரிதாகத் தெரியும். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. பீரோவை நகர்த்த இரண்டு வாலிபர் போதும். சபையில் வாலிபருக்குக் குறைவில்லை.

அடுத்தது குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம். முகலாயர் தோட்டம் என்று நாம் அறிந்திருந்த இதற்கு 2023 ஜனவரியில் அமிர்த உத்யான் என்று பெயர் மாற்றப்பட்டது. 15 ஏக்கர். எட்வின் லுட்டியன்ஸ் 1917-லேயே வடிவத்தை முடிவுசெய்தார். செடிகள் நடப்பட்டதோ 1928-29-இல்தான். நீளமாக இரண்டு, குறுக்கே இரண்டு என்று வாய்க்கால்கள் ஓட, அவை வெட்டும் இடங்களில் தாமரை வடிவில் நீரூற்றுகள் இருக்கின்றன. முகலாயரின் கட்டத்துக்குள் ஆங்கிலேயரின் மலர்ப்பாத்திகளை அவர் பொருத்தினார். குடைபோல் கத்தரிக்கப்பட்டு வரிசையாய் நிற்கும் மௌல்சிரி மரங்களை எங்கோ பார்த்த ஞாபகம் வந்தால் வியப்பில்லை. நம் ஊர் மகிழமரந்தான் அது.

தமிழர் இருவரின் கைத்தடமும் அந்த நிலத்தில் உண்டு. கவர்னர் ஜெனரலாயிருந்த ராஜாஜி, நாடு உணவுக்குத் திண்டாடின காலத்தில் அந்த மாளிகை நிலத்தின் ஒரு பகுதியைத் தானியத்துக்கு ஒதுக்கித் தாமே ஏர் பிடித்தார். அப்துல் கலாம் தம் பதவிக்காலத்தில் மூலிகைத் தோட்டத்தையும், பார்வையற்றோர் தொட்டும் முகர்ந்தும் அறியும்படியான தோட்டத்தையும் அமைக்கச் செய்தார். அந்தத் தொடுதோட்டத்தில் பிள்ளைகளைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். அழகு என்பது கண்ணுக்குரியது மாத்திரம் அல்ல என்பதை அவர்கள் விரல்நுனியில் கற்றுக்கொள்வார்கள்.

வண்ணத்தை அங்கே கற்றுக்கொள்ளவேண்டும். ஒரு பாத்தியில் பெரும்பாலும் ஒரே நிறம் திரளாய் நிற்கும். அடுத்த நிறம் அடுத்த பாத்திக்கு. நம் வீடுகளிலோ நீலச் சுவரும், சிவப்புத் திரையும், பச்சைப் பூப்போட்ட விரிப்பும், மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலியும் ஒன்றோடொன்று வழக்காடுகின்றன. வாடகை வீட்டில் சுவரின் நிறத்தை மாற்ற வீட்டுக்காரர் இடங்கொடாமல் போகலாம்; ஆனால் திரையும் விரிப்பும் உங்களுடையவை. அடுத்தமுறை வாங்கும்போது இரண்டையும் ஒரே நிறத்தில் வாங்குங்கள். அவ்வளவு போதும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் செங்கோட்டைக்குள் இருக்கிறது. ஷாஜகான் காலத்து ஹயாத் பக்ஷ் தோட்டத்தின் இரு முனைகளிலும் சாவன், பாதோன் என்று மழை மாதங்களின் பெயர்பெற்ற இரண்டு பளிங்கு மண்டபங்கள் எதிரெதிரே நிற்கின்றன. நீர் விழும் இடத்துக்குப் பின்னே சுவரில் சிறுசிறு மாடங்கள் வரிசையாய்க் குடையப்பட்டிருக்கின்றன. பகலில் அவற்றில் பூச்சாடிகளையும் இரவில் விளக்குகளையும் வைப்பார்கள். விழும் நீர்த்திரைக்குப் பின்னால் அவை மின்னும். இப்பொழுது அங்கே நீர் விழக் காண்பது அரிது, மாடங்களைக் காணலாம். நம் பாட்டிமார் வீட்டில் விளக்கு வைத்த மாடக்குழியின் உறவுதான் அது. ஒரு மாடத்துக்கு ஒரு பொருள், அதற்குமேல் இல்லை. நம் வீட்டு ஷோகேஸிலோ பரிசுக்கோப்பை, பொம்மை, திருமணப் பரிசாய் வந்த கடிகாரம், தூசிபடிந்த பிளாஸ்டிக் ரோஜா எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். (பிளாஸ்டிக் ரோஜாவைப்பற்றிச் சொல்லும்போது, நம் ஆலய மேடைகளையும் நினைக்கிறேன், அதை இன்னொரு நாள் பேசலாம்.) ஒரு தட்டைக் காலிசெய்து, அதில் ஒரு மண்குவளையும் ஒரு சிறு விளக்கும் வைத்து மாலையில் ஏற்றிப் பாருங்கள்.

இதெல்லாம் உலகப்பிரகாரமான ஆசை அல்லவா என்று கேட்கிற மூத்த விசுவாசிகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். கடன் வாங்கி சோபாசெட் போடுவதையும் அண்டை வீட்டைப் பார்த்துப் பொய்க்கூரை கட்டுவதையும் நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் நாள்முழுதும் ஜன்னல் மறைந்த அறையில் இருக்கிற தாயின் சோர்வை யார் கணக்கிடுவது? புருஷன் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், மொழி தெரியாத ஊரில் அந்த நான்கு சுவரோடு பேசுகிறவள் அவள்தான். அவளுக்கு வெளிச்சம் வருகிற ஒரு மூலையை ஒதுக்கிக்கொடுப்பது ஆடம்பரத்தில் சேராது.

தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரும் உற்சாகத்தில் செய்யப்படும் ஒரு வீண்செலவையும் சொல்லவேண்டும். பிப்ரவரியில் பூத்துக்குலுங்கும் டாலியாவையும் பிட்டூனியாவையும் சாலையோர நர்சரியில் வாங்கிவருகிறார்கள். அவை குளிர்காலச் செடிகள். ஏப்ரல் வெயிலில் காய்ந்துபோகும். மணி பிளாண்ட், பாம்புக் கற்றாழை, அரேகா பனை ஆகியவை அறை வெளிச்சத்திலும் பிழைக்கும். கறிவேப்பிலைச் செடி வைத்தால், தில்லிக் குளிரில் இலை உதிர்ந்து நின்றாலும் பிடுங்கி எறியாதீர்கள். வெயில் வந்ததும் துளிர்க்கும். எந்த மரம் இந்த மண்ணுக்கு ஏற்றது என்று காண விரும்பினால், ஹுமாயூன் கல்லறைக்கு அடுத்தாற்போல் 90 ஏக்கரில் 2018-இல் திறக்கப்பட்ட சுந்தர் நர்சரிக்குள்ளும் போய்வரலாம். புதிய தலைநகரின் சாலைகளுக்கு மரங்களைச் சோதித்துப் பார்த்த இடம் அது.

செடி வைத்தால் தில்லியின் நச்சுக்காற்று வீட்டுக்குள் சுத்தமாகிவிடும் என்ற விளம்பரத்தை நம்பவேண்டாம். ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றுவதற்கு ஈடாகவேண்டுமானால், தரையின் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள்வரை வேண்டும் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்கிட்டது. அப்படியானால் நாம் தெருவில்தான் படுக்கவேண்டும். செடியைச் செடிக்காகவே வையுங்கள். தொட்டிக்கடியில் உள்ள தட்டிலும், மணி பிளாண்ட் வைத்த பாட்டிலிலும் நீரை வாரத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். டெங்குக் கொசு தேடுவது அப்படிப்பட்ட சுத்தமான தேங்கு நீரையே. பால்கனிக் கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைக்கவே வேண்டாம். கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

கோடைக்கு முகலாயர் கண்ட வழி வெட்டிவேர்த் தட்டி. நீர் தெளித்து ஜன்னலில் தொங்கவிட்டால் குளிர்ச்சியும் மணமும் சேர்ந்து வரும். தில்லியின் வறண்ட மே மாதத்தில் அது நன்றாய் வேலைசெய்யும்; ஈரக்காற்றுள்ள மும்பையில் அவ்வளவு பயன் தராது. கண்ணாடி ஒன்று இருந்தால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுங்கள்; தோட்டத்துத் தடாகம் வானத்தைக் காட்டுவதுபோல் அது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும்.

வேறு நகரங்களில் இருப்போர் வருந்தவேண்டியதில்லை. பெங்களூரில் லால்பாக் உண்டு. 1889-இல் எழும்பிய அதன் கண்ணாடி மாளிகையில் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க்கண்காட்சி நடக்கும். சண்டிகருக்கு அருகே பிஞ்சோரில் படிப்படியாய் இறங்கும் முகலாயத் தோட்டம் உண்டு.

அமிர்த உத்யான் வழக்கமாகப் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் வரை பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். அனுமதி இலவசம், குடியரசுத் தலைவர் மாளிகையின் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். அண்மை ஆண்டுகளில் நார்த் அவென்யூ பக்கத்து 35ஆம் எண் வாயில் வழியாக அனுப்புகிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை. அடையாள அட்டையை மறக்கவேண்டாம். பிள்ளைகளின் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தனுப்புங்கள். வாய்க்கால்களையும் சதுரங்களையும் வரைந்துகொண்டு வரட்டும். வீட்டுக்கு வந்ததும் அதே தாளின் மறுபக்கத்தில் உங்கள் அறையை வரையச் சொல்லுங்கள்: வாசல் எங்கே, ஜன்னல் எங்கே, பீரோ எங்கே என்று.