குரோமரில் ஒரு நண்டு வாளி

"எப்போ திரும்பி வர்றான்னு கேட்டுட்டு வா." ஊறுகாய் போத்தலோடு சேர்த்து அம்மா என்னிடம் கொடுத்து அனுப்பிய வேலை இது. தம்பி இங்கிலாந்தில், நோரிச் நகரில் தாதியாகப் பணிபுரிகிறான். போய் நான்கு வருடமாகிறது.

விடுமுறை எடுத்து நார்ஃபோக் கடற்கரையைக் காட்டினான். காலையில் ஷெரிங்காம். அங்கிருந்து ஹோல்ட் வரை நீராவி ரயில் இன்றும் ஓடுகிறது. அதில் போகும்போதே கேட்டிருக்கலாம். தினமும் வானொலியில் மணிக்கணக்காகப் பேசுகிறவளுக்கு வாய் வரவில்லை.

மதியம் குரோமர். மே மாதம்தான், ஆனாலும் காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது. போர்ட் டிக்சன் நினைப்பில் வட கடலில் கால் வைத்தேன். எலும்பு வரை குளிர்! நண்டுப் படகுகளை டிராக்டர்கள் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தன. குரோமர் நண்டுக்குப் பெரிய பெயர். சதையை ஓட்டிலேயே நிரப்பி, ரொட்டியும் எலுமிச்சையும் வைத்துத் தருகிறார்கள். இனிப்பான சதைதான். மிளகாய்த்தூள் கேட்கலாமா என்றேன். "மானத்த வாங்காதக்கா."

கடலைப் பார்த்தபடி ஹென்றி பிளாக்கின் மார்பளவுச் சிலை. உயிர்காப்புப் படகில் 53 ஆண்டுகள் பணியாற்றி, 873 உயிர்களைக் காப்பாற்றிய மீனவர். இந்தக் கரையிலேயே நண்டு பிடித்து வாழ்ந்தவர். கதையை முழுதாகச் சொல்லிவிட்டு, "எங்க ஊரு ஆளுக்கா" என்றான் தம்பி.

எங்க ஊரு. அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

1901இல் திறந்த நடைபாலம் கடலுக்குள் நீள்கிறது. அதன்மேல் ஒரு நாடக அரங்கு, முனையில் உயிர்காப்புப் படகுக் கொட்டகை. இடையில் பிள்ளைகள் கயிற்றில் பன்றி இறைச்சித் துண்டைக் கட்டி இறக்கி, நண்டு பிடித்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா கேக்கச் சொன்னாங்க."

"தெரியும்க்கா." வாளிகளையே பார்த்தான். "அடுத்த வருஷம் நிரந்தர வசிப்புரிமைக்கு மனு போடப் போறேன். நீயே பக்குவமா சொல்லிடேன்."

ஒரு சிறுமி எண்ணி முடித்து, வாளியைக் கடலில் கவிழ்த்தாள். பிடித்த அத்தனையும் திரும்பப் போயின. அப்போது என் கைப்பேசி அடித்தது. மலேசியாவில் இரவு பத்து மணி. தூங்காமல் காத்திருந்திருக்கிறார்.

"சாப்பிட்டீங்களா? என்ன சாப்பிட்டீங்க?"

"நண்டும்மா. மசாலா இல்லாம."

"ஐயோ! சரி, கேட்டியா?"

கைப்பேசியைத் தம்பியின் கையில் வைத்தேன்.