கீஸருக்கு ஒரு அலமாரி

இந்த வீட்டை வாங்கும்போதே பாத்ரூமில் ஒரு கேஸ் கீஸர் மாட்டியிருந்தது. நொய்டாவில் பைப் கேஸ் வந்த வீடுகளில் இது சகஜம். குழாயைத் திறந்தால் டிக் டிக்கென்று பொறி அடித்து, குப்பென்று பற்றிக்கொள்ளும். ரெண்டு பெரிய டார்ச் பேட்டரி போதும். ஜனவரியில் கரண்ட் போனாலும் வெந்நீர் வரும் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம்.

தங்கமணிக்கு அப்படி இல்லை. "இது பாத்ரூமா, பாய்லர் ரூமா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" (நம் பாத்ரூமை யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.) 2022 டிசம்பரில், அம்மா கும்பகோணத்திலிருந்து வருவதற்குள் சுவரைச் சரிபண்ணிவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

வந்த மிஸ்திரி எதைக் கேட்டாலும் "ஹோ ஜாயேகா சார்" என்பவர். பத்து நாளில் ஆகிவிட்டது. புது டைல்ஸ். கீஸரைச் சுற்றி ப்ளைவுட்டில் அழகான அலமாரி, மேலே வெள்ளை சன்மைக்கா. கேஸ் பைப் தெரியாமல் இருக்க பிவிசி ஃபால்ஸ் சீலிங். குளிர்காற்று வருகிறது என்று நான்தான் சொன்னேன். வெண்டிலேட்டரையும் அக்ரிலிக் ஷீட் வைத்து சிலிக்கானால் அடைத்துக் கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசுகூட வாங்கவில்லை.

அம்மா வந்தார். ஊரில் காவிரித் தண்ணியில் குளித்தவர், இங்கே ஆற அமர வெந்நீர்க் குளியல். முதல் நாள் வெளியே வந்து, "தலை கனமா இருக்குடா" என்றார். ரயில் அலுப்பு என்றேன். ரெண்டாம் நாள் குமட்டல். "பித்தம், இஞ்சி தட்டிப் போட்டு ஒரு காபி குடு" என்று அவரே வைத்தியம் சொல்லிவிட்டார். வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் இருந்தது. விரலில் மாட்டினேன். 98. அப்பாடா என்று ஆபீஸ் கிளம்பிவிட்டேன்.

மூணாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பாத்ரூமுக்குள் தொப்பென்று ஒரு சத்தம். "அத்தை, அத்தை!" என்று தங்கமணி கதவைத் தட்டுகிறார், பதில் இல்லை. கொஞ்சம் கழித்து, "தாழ்ப்பாள் தூக்க முடியலம்மா" என்று ஈனஸ்வரத்தில் குரல். ரெண்டு உதையில் கதவு திறந்தது. புது டைல்ஸ் மேலே அம்மா உட்கார்ந்திருந்தார்.

பால்கனிக்குத் தூக்கி வந்து உட்கார வைத்ததில் கொஞ்சம் தெளிந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே, "கேஸ் கீஸரா?" என்றுதான். ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டுப் பல மணி நேரம் படுக்க வைத்தார்கள். நான் பெருமையாக 98 கதையைச் சொன்னேன். கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளுமாம். நம் வீட்டு ஆக்ஸிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது; விஷம் ஏறியிருந்தாலும் 98 என்றே காட்டும். நான் நம்பி ஆபீஸ் போன 98 அதுதான்.

மறுநாள் கேஸ்காரர் வந்து அலமாரியைத் திறந்து பார்த்தார். "கீஸருக்கே ரஜாய் போத்திட்டீங்களா சார்?" உள்ளே மேல்பலகையில் சன்மைக்கா கொப்புளித்து, ப்ளைவுட் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. மூணு வாரம்கூட ஆகவில்லை. கீஸரை ஓடவிட்டு ஜன்னல் துளை வழியாகக் காட்டினார். நீலமாக இருக்க வேண்டிய தீ மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது.

கணக்கு சுலபம். 1 பங்கு இயற்கை எரிவாயு முழுசாக எரிய சுமார் 10 பங்கு காற்று வேண்டும். பெட்டிக்குள், அதுவும் வெண்டிலேட்டர் அடைத்த அறையில், அது எங்கிருந்து வரும்? எரிந்த புகையையே திரும்ப இழுத்து அரைகுறையாக எரிந்தது. அதில் பிறப்பதுதான் கார்பன் மோனாக்ஸைடு. கேஸ் கசிந்தால் நாறும், அதற்கென்றே மெர்காப்டான் கலக்கிறார்கள். இதற்கோ வாசனையே கிடையாது.

சீலிங்குக்கும் திட்டு விழுந்தது. பைப் கேஸ் காற்றைவிட லேசு. கசிந்தால் மேலே ஏறி அந்தப் பிவிசிக்குள்தான் தங்கும். (சிலிண்டர் கேஸ் நேரெதிர், தரையில் படியும்.) மறைத்த பைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி எப்படிச் சோதிப்பது? கீஸரின் மேனுவலைத் தேடி எடுத்தேன். பரணில், பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல். பாத்ரூமுக்குள் மாட்டக்கூடாது என்று படம் போட்டே இருந்தது. பழைய வெண்டிலேட்டர் புண்ணியத்தில்தான் அத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

இப்போது கீஸர் திறந்த பால்கனியில். பின்சுவரில் சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் மட்டும். மரம், பிளாஸ்டிக் எதுவும் கிட்டே இல்லை. மேனுவல் சொன்ன இடைவெளி நாலு பக்கமும் விட்டாயிற்று. கேஸ் பைப் மஞ்சளாக, எல்லாருக்கும் தெரிய ஓடுகிறது. சுவரைத் துளைக்கும் இடத்தில் மட்டும் ஒரு உறைக்குழாய். வெந்நீர் பாத்ரூம் வரை வர நேரமாவதால் முதல் அரை பக்கெட் பச்சைத் தண்ணிதான். அது பூச்செடிக்கு. வெண்டிலேட்டர் ஷீட்டை நானே பெயர்த்தேன். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்றும் வாங்கி வைத்தேன். அலமாரியைப் பிடுங்கிய இடத்தில் நாலு டைல்ஸ் வேறு நிறம். தங்கமணி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

அதே 2023 மார்ச்சில், ஹோலி அன்று, பக்கத்து காஸியாபாத்தில் கலர் கழுவக் குளிக்கப்போன ஒரு தம்பதி பாத்ரூமிலேயே இறந்துபோனார்கள். கேஸ் கீஸர்தான் காரணமாக இருக்கலாம் என்று பேப்பரில் வந்தது. அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த குளிருக்கு அம்மா மறுபடி வந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தாழ்ப்பாள் போடாமல் உள்ளிருந்தே குரல் கொடுத்தார்: "டேய், குழாயைத் திறந்துட்டேன். பால்கனியில போய் தீ நீலமா எரியுதான்னு பாத்துச் சொல்லு!"