அம்மாவின் றேந்தை

"அக்கா, பழைய படத்திலிருந்து இறங்கி வந்தீர்களா?" என்றார் அலுவலகத்தில் ஓர் இளம் நிருபர், என் சட்டைக் கையைப் பார்த்து.

பிழையில்லை. 1960களின் யாழ்ப்பாணச் சட்டைதான் அது: தோளில் சுருக்கு, முழங்கைக்கு மேல் நிற்கும் கை, விளிம்பில் குறோசே ஊசியால் பின்னிய வெள்ளை றேந்தை. (சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது.) அம்மா கடைசிவரை அந்த வெட்டிலேயே தைத்தார், சந்தைக்குப் போகவும் அதுதான்.

1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது அலுமாரியும் சிங்கர் மெஷினும் வீட்டிலேயே நின்றன. திரும்பியபோது இரண்டும் இல்லை. எஞ்சியது, அன்று அம்மா அணிந்திருந்த சட்டை ஒன்றே.

அவர் மறைந்த பின், அதன் ஒரு கையைப் பிரித்துத் தாளில் பரப்பி அளவெடுத்தேன். துணி எளிதில் வசப்பட்டது. றேந்தை படியவில்லை. ஒரு கண்ணிக்குள் ஐந்து பின்னலிட்டு விசிறி விரிக்கும் அதே கோலந்தான். ஆனால் என் கை இறுக்கம், விளிம்பு சுருண்டது. பலமுறை அவிழ்த்து, சற்றுப் பெரிய ஊசிக்கு மாறிய பிறகே வழிக்கு வந்தது.

இப்போது ஐந்து சட்டைகள் இருக்கின்றன. வேலைநாட்களில் மாறிமாறி அணிகிறேன். அம்மாவின் சட்டை மட்டும் ஒற்றைக் கையுடன் கிடக்கிறது. அவர் போட்ட தையலை அறுத்த இடத்தில் என் தையலைப் போட இன்னும் மனம் வரவில்லை.