லாட் மாறாமல் எடுக்கும் கை

பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிறது. தறியிலிருந்து இறங்கும் லுங்கியை மடித்து, லேபிள் ஒட்டி, கடைக்காரர் கேட்டபடி பிரித்து அனுப்புவது வியாபாரிகளின் குடோன்களில். அப்படி ஒரு குடோனில், ஆர்டர் எடுக்கும் அண்ணனோடு அலமாரி அலமாரியாக நடந்தேன்.

கையில் நகரிக் கடையின் சீட்டு. டிசைன் நம்பர், நூல் நம்பர், நீளம், நிறம், எத்தனை டஜன் என்று கீழே கீழே எழுதியிருக்கிறது. அந்த வரிசைப்படி அவர் எடுப்பதில்லை. முழுச் சீட்டையும் ஒருமுறை படித்துவிட்டு, எது எங்கே இருக்கிறதோ அந்த வரிசைக்கு மனசுக்குள் மாற்றிக்கொள்கிறார். உள்ளே போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். போன இடத்துக்கு மறுபடி போவதே இல்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பெரிய கிடங்குகளில் இந்த வழியைக் கணினி போட்டுத் தருகிறது. ஆர்டர் எடுப்பவரின் நேரத்தில் ஏறத்தாழப் பாதி நடையிலேயே போய்விடும் என்பது அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அதனால்தான் இங்கேயும் வேகமாகப் போகிற சரக்கு வாசலருகே, இடுப்பு உயரத்தில். ரம்ஜான் நெருங்கினால் அடுக்கே இடம் மாறும். பழைய சரக்குதான் முதலில் வெளியே போகவேண்டும். ரொம்ப நாள் கிடந்தால் மடிப்பில் கோடு விழுந்துவிடும்.

இதெல்லாம் எந்தக் கிடங்கிலும் உண்டு. நான் வியந்தது பச்சையில்.

ஒரே டிசைன், ஒரே லேபிள், ஒரே பச்சை. இரண்டு பீஸை எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். ஒன்றின் முனையை மற்றதன் மேல் வைத்து, கட்டை விரலால் நீவினார். "டியூப் லைட்ல எல்லாம் ஒரே பச்சைதான் சார். வெயில்ல காட்டினா இது வேற லாட்டு, அது வேற லாட்டு" என்றார். எனக்கு அப்புறம்தான் தெரிந்தது, ஒன்றில் லேசாக மஞ்சள் ஓடுகிறது. ஒரே தடவையில் சாயமேற்றியதுதான் ஒரு லாட். சாயத் தொட்டியில் தண்ணீரோ நேரமோ கொஞ்சம் மாறினாலே இப்படி ஆகும். ஒரு டஜன் கட்டில் இரண்டு ஷேடு கலந்தால் கட்டு முழுக்கத் திரும்பி வரும். பிரித்துப் பார்த்த துணிக்கு விலை குறையும். "அந்த நஷ்டம் சுத்திச் சுத்தித் தறிக்காரன் கூலியிலதான் வந்து விழும்" என்றார்.

அவரும் தறி ஓட்டியவர்தான். காது மந்தமானதால் குடோனுக்கு வந்தார். பாவில் ஓர் இழை அறுந்து ஓடியிருந்தால், துணியின் நீளத்துக்கும் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். நடக்கிற நடையிலேயே அதைக் கண்டு பீஸை ஒதுக்குகிறார். பெரிய கிடங்குகளின் ஸ்கேனர் லேபிளைத்தான் படிக்கும், துணியைப் படிக்காது.

எடுத்த சரக்கை ஓர் அக்கா சீட்டைப் பார்க்காமலே எண்ணுகிறார். பிறகுதான் சீட்டோடு ஒப்பிடுகிறார். முன்கூட்டியே எண்ணிக்கை தெரிந்தால் கை தானாக அங்கே போய் நின்றுவிடுமாம். சரக்கு போகும் நகரி பக்கத்து ஊர்தான், ஆனால் ஆந்திரா. சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் போட்ட பிறகே வண்டி கிளம்பலாம்.

சம்பளப் பதிவேட்டில் அண்ணன் பெயர் மூட்டை தூக்குபவர்களோடு இருக்கிறது. கூலியும் அதே கூலி. இது அநியாயம். ஷேடு பார்க்கத் தெரிந்தவருக்குத் தனிக் கூலி கொடுங்கள் என்று முதலாளியிடமே கேட்டேன். சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றார்.