தவணை கடந்த மின்கலம்

சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையை அடுத்து அமைந்த ஊர் சிறுசேரி. இங்கே சிப்காட் நிறுவனம் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்கா ஓங்கி நிற்கின்றது. கணிப்பொறி முன் அமர்ந்து பணி புரிவோரும், அலுவலகங்களைத் துப்புரவு செய்வோரும், இரவெல்லாம் வாயிலைக் காப்போரும் இங்கு உளர். வாயிற்காவலர் ஒருவருக்கு ஊதியம் வந்த செய்தியை உரைப்பது கைப்பேசி. தொலைவில் வாழும் தாயின் குரலைக் கொணர்வதும் அதுவே. அதன் உயிர்நிலை, மக்கள் பேட்டரி என வழங்கும் மின்கலம் ஆகும்.

அம்மின்கலம் ஒருநாள் கொதிக்கின்றது; அல்லது ஏற்றிய மின்சாரம் சிறிது நேரத்தில் வடிந்துவிடுகின்றது. பழுது பார்க்கும் நிலையத்தார் ரசீதின் நாளைப் பார்க்கின்றனர். ‘உத்தரவாதம் சென்ற திங்களே முடிந்தது’ என்கின்றனர். புதிய மின்கலத்தின் விலையோ காவலரின் சில நாள் ஊதியத்தை விழுங்கிவிடும். அவர் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு: இக்குறை மூப்பினால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா?

மூப்பு எல்லா மின்கலங்களுக்கும் உரியது. ஏறத்தாழ 500 முறை முழு மின்னேற்றம் பெற்றபின் கொள்திறனில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது பலவற்றின் இயல்பு. அதற்காக விற்றவரைப் பழிப்பது நேர்மையன்று. பிறவிக் குறையோ வேறு. லித்தியம் மின்கலத்தின் இரு முனைகளையும் மெல்லிய தடுப்பு ஒன்று பிரித்து நிற்கின்றது. ஆக்கும்போதே உலோகத் துகள் ஒன்று உட்புகுந்திருப்பின், அது பின்னொரு நாள் அத்தடுப்பைத் துளைக்கலாம், உள்ளே குறுக்குச்சுற்று நேரும், வெப்பம் மிகும். அந்த நாள் உத்தரவாதத்திற்கு உள்ளே விழுமா, வெளியே விழுமா என்பதைத் துகள் அறியாது.

இவ்வுண்மை உலகறிய வெளிப்பட்டது 2007 ஆம் ஆண்டில். ஆகஸ்டு 14 ஆம் நாள், பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் ஓர் அறிவிப்பு விடுத்தது. பி.எல்.-5சி என்னும் வகையில், ஜப்பானிய மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை ஆக்கிய மின்கலங்கள் மின்னேற்றும்போது குறுக்குச்சுற்றால் மிகச் சூடாகலாம் என்றது. அவற்றின் தொகை 4 கோடியே 60 லட்சம்! அதுவரை அறியவந்த நிகழ்ச்சிகளோ ஏறத்தாழ நூறே. எனினும் மாற்று மின்கலம் விலையின்றி அளிக்கப்பட்டது. ஆக்கியவர் யார், ஆக்கிய காலம் எது என்பனவே அளவுகோல். மின்கலத்தின் பின்புறத்து எண்ணே சான்று. மக்கள் கைப்பேசியின் மூடியைக் கழற்றி அவ்வெண்ணை நோக்கினர். நோக்கியாவின் தொழிற்சாலை அப்போது ஸ்ரீபெரும்புதூரில் இயங்கியது; 2014 இல் அது மூடப்பட்டது. அந்நாளில் சிறுசேரியும் அவ்வூரும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன.

மூப்புக்கும் ஒருமுறை சலுகை கிடைத்தது. பழைய மின்கலம் உள்ள கைப்பேசிகளின் வேகத்தை ஆப்பிள் நிறுவனம் சொல்லாமற் குறைத்தது 2017 இறுதியில் வெளியாயிற்று. கண்டனம் எழவே, உத்தரவாதம் கடந்தோர்க்கு மின்கலம் மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராக, 2018 முடியும்வரை குறைக்கப்பட்டது.

நிறுவனம் தானே முன்வராவிடின், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. அப்பால், 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வாழும் அல்லது பணி புரியும் இடத்து மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். சிறுசேரிக் காவலருக்கு அது செங்கல்பட்டு. வழக்குக்குரிய காரணம் தோன்றியதிலிருந்து ஈராண்டுக்குள் முறையிடல் வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. குறையை மெய்ப்பிக்கச் சான்று வேண்டும். தேவைப்படின் ஆணையம் பொருளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும். ஆதலின் ரசீதையும், நிலையத்தார் எழுதிக் கொடுத்த சீட்டையும், பழைய மின்கலத்தையும் போக்கிவிடுதல் கூடாது. வீங்கிய மின்கலத்தைக் குத்துதலோ மேலும் மின்னேற்றுதலோ பேரிடர்.

இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் மின்கலம் உள்ளே பசையிட்டு ஒட்டப்பட்டுள்ளது. உரியவர் அதன் எண்ணைக்கூட எளிதிற் காண இயலாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இதற்கென விதி வகுத்தது: 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் நீங்கலாக, சிறு கருவிகளின் மின்கலத்தை உரியவரே கழற்றி மாற்றுமாறு அமைத்தல் வேண்டும்.