பொருத்தனை என்ற பெயரில்

என் மகளின் எதிர்காலத்தை நான் எழுதினேன். எழுதிவிட்டு அடியில் தேவனுடைய பெயரைக் கையெழுத்தாகப் போட்டேன். பல வருஷங்கள் இதையே சபையில் சாட்சியாகச் சொல்லி, கேட்டவர்கள் ஸ்தோத்திரம் சொல்ல, மனம் நிறைந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்று அதைக் குற்றம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சாட்சியை எல்லோர் முன்னும் சொன்னவள், குற்றத்தை மட்டும் அறைக்குள் முழங்காலில் நின்று முடித்துக்கொள்வது நியாயமில்லை.

பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் குடும்பம். தலைமுறைகளாக ஒரே சேகரம். கல்யாணமாகி வெகுகாலம் குழந்தையில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அன்னாளின் கதை எப்படி வாசிக்கப்படும் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நானும் அன்னாளைப் போலப் பொருத்தனை பண்ணினேன். பிள்ளை கொடுத்தால் அதை மருத்துவராக்கி, ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஊழியத்துக்காகக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். பெண் பிறந்தாள். ஞானஸ்நானத்தன்றே சபை முழுக்கத் தெரியும், இந்தப் பிள்ளை டாக்டர் என்று.

ஏன் மருத்துவம்? இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். நர்ஸாக்குகிறேன் என்று நான் பொருத்தனை பண்ணவில்லை. வடக்கே எங்கோ ஒரு மலைக்கிராமத்தில் பாடம் நடத்தும் மிஷனரியாக அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை. அவையும் ஊழியம்தானே? தேவனுக்கும் பிரியம், சொந்தக்காரர் மத்தியிலும் மரியாதை என்று இரண்டும் கூடி வருகிற ஒரே இடத்தை என் மனசு தானாகத் தேடிக் கண்டுபிடித்தது. அதற்குத் தேவசித்தம் என்று பெயர் வைத்தேன்.

இரவு குடும்ப ஜெபத்துக்குப் பிறகு அவளுக்கு நான் அதிகம் சொன்ன கதை ஐடா ஸ்கடருடையது. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா காலத்திலிருந்தே மிஷனரிக் குடும்பம். அவருக்கோ அந்த வாழ்க்கையில் துளியும் விருப்பமில்லை. அமெரிக்காவிலேயே தங்கிவிட வேண்டும் என்றிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவ வரும்படி கூப்பிட்டார்கள். நான் மருத்துவம் படிக்கவில்லை, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப்போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆணை உள்ளே விட மாட்டோம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, மறுவருஷம் வேலூரில் சின்னதாக ஒரு மருந்தகம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய வேலூர் சி.எம்.சி. அதிலிருந்து வளர்ந்தது.

எத்தனையோ முறை சொன்ன இந்தக் கதையை நான் ஒருமுறைகூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்த இரவில் தேடி வந்தவர்கள் கூப்பிட்டது ஐடாவை. அப்பா மருத்துவர், மிஷனரி, வீட்டுக்குப் பெரியவர்; என்றாலும் அழைப்பு அவர் வழியாக வரவில்லை. குடும்பத்தின் எதிர்பார்ப்பு அத்தனை வருஷம் செய்ய முடியாததை அந்த மூன்று மரணங்கள் செய்தன. நானோ, என் மகளின் கதவை நானே தட்டிவிட்டு, பார், கர்த்தர் உன்னைக் கூப்பிடுகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் பறவைகள் பிடிக்கும். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகளும் வந்து இறங்கும் ஊர். வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்டாமல் காக்கிற ஜனங்கள் அங்கே. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப்போனார்கள். திரும்பி வந்தவள் அன்று ராத்திரி தூங்கவில்லை. வரித்தலை வாத்து இமயமலைக்கு மேலாகப் பறந்து இங்கே வருகிறது என்பதைச் சாப்பாட்டின் நடுவில் சொன்னாள், தூங்கப் போகும்போது சொன்னாள், காலையில் எழுந்தும் சொன்னாள். அப்புறம் ஒரு நோட்டு போட்டாள். எந்தக் குளத்தில் எந்தத் தேதியில் என்ன பறவை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று வரி வரியாக எழுதுவாள். ஆசிரியை நான். ஒரு பிள்ளைக்கு ஒரு பாடத்தின் மேல் பிரியம் வந்துவிட்டால் அது எப்படி இருக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். என் வகுப்பில் வேறு யாருடைய பிள்ளையாவது அப்படி ஒரு நோட்டை நீட்டியிருந்தால் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். என் பிள்ளை நீட்டியபோது, பயாலஜி நோட்டையும் இப்படி எழுது என்றேன்.

பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் துணிந்து கேட்டாள்.

"அம்மா, நான் விலங்கியல் படிக்கட்டுமா?"

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நல்லது, அவள் என்னோடு சண்டை போட்டிருக்கலாம். ரொம்ப அமைதியாக, "ஜெபம் பண்ணும்மா. கர்த்தர் உனக்குத் தெளிவா காட்டுவார்" என்றேன்.

சில நாள் கழித்து வந்தாள். "ஜெபிச்சேன்மா. இன்னும் அதே ஆசைதான் இருக்கு."

"இன்னும் ஜெபி."

நான் செய்த எல்லாவற்றிலும் கொடியது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். என்ன பதில் வர வேண்டும் என்று எனக்கு முன்னமே தெரியும். அந்தப் பதில் வரும்வரை அவளை முழங்காலில் நிறுத்தி வைத்தேன். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கர்த்தர் பேசிவிட்டார் என்று நான் நன்றி சொன்னேன்.

நீட் எழுதினாள். வரவில்லை. வெளியூரில் கோச்சிங் சேர்த்தோம், விடுதியில் போட்டோம், மறுபடி எழுதினாள். மறுபடியும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் இது விசுவாசத்துக்கு வந்த சோதனை என்றேன். வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தேன். நான் உபவாசம் இருப்பது அவளுக்குத் தெரியும்படி பார்த்துக்கொண்டேன். சபையில் யார் விசாரித்தாலும், கர்த்தருடைய வேளை வரும் என்றேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் மட்டும், "பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். கர்த்தரிடம் கேட்டுவிட்டேன் என்று அவர் வாயையும் அடைத்தேன்.

அந்த வருஷப் பிறப்பு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. பல வீட்டுச் சுவர்களில் தொங்குகிற வசனம். தேவன் நமக்கென்று வைத்திருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கானவை, தீமைக்கல்ல என்று சொல்வது. அதை அவள் படிக்கிற மேசைக்கு எதிரே ஒட்டினேன். மெடிக்கல் சீட்டுக்கு வந்த உத்தரவாதம் என்று நினைத்தேன்.

ஒருநாள் இரவு விடுதியிலிருந்து போன் பண்ணினாள். வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம், "அம்மா, நீங்க கர்த்தரை உங்க பக்கம் எடுத்துக்கிட்டீங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?" என்றாள்.

அப்படிப் பேசுவது பாவம் என்று சொல்லி போனை வைத்தேன்.

விடுமுறைக்கு வந்தபோது குடும்ப ஜெபத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்தபோது வாய் திறக்கவில்லை. சின்ன வயதில் நாய்க்கும் பூனைக்கும்கூட நீளமாக ஜெபிக்கிற பிள்ளை. பெற்றவள் சொல் மட்டும் எதிரே நின்றிருந்தால் அவள் தேவனிடம் ஓடிப்போய் முறையிட்டிருப்பாள். நான் அந்த வாசலிலும் போய் நின்றுகொண்டேன். அவள் இழந்த வருஷங்களைக் கணக்குப் பார்த்து வருந்துகிறேன். ஆனால் இந்த ஒன்றை எந்தக் கணக்கிலும் என்னால் அடக்க முடியவில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் நடத்தும் முறை எனக்கு வந்தது. எனக்குப் பிடித்த அந்த வசனத்தையே எடுத்தேன். பாடம் என்பதால் அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருந்தது. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று காத்திருந்தவர்களிடம், எழுபது வருஷம் ஆகும், அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், அந்த ஊரின் நலனுக்காக ஜெபியுங்கள் என்கிறார். கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் எருசலேமை மறுபடி பார்த்திருக்க முடியாது. நான் ஒட்டி வைத்த வாக்குத்தத்தம், நினைத்தது நடக்காத ஜனங்களுக்கு, நடக்காத அந்த இடத்திலேயே வாழத் தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டுக் கொடுத்தது.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும், கர்த்தர் சொல்கிறார் என்று ஆலயத்தில் எல்லோர் முன்னும் சொல்கிறவன். கர்த்தர் அவனை அனுப்பவில்லை. அந்தப் பெயரை வாசித்தபோது எனக்கு உடம்பு வியர்த்துவிட்டது. அன்று பாடத்தை நான் நடத்தவில்லை; தலைவலி என்று வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அதுவும் பொய்தான்.

பிறகு அன்னாளின் மகன் சாமுவேலின் கதைக்குத் திரும்பினேன். அன்னாள் பொருத்தனை பண்ணினாள், பிள்ளையைச் சீலோவில் கொண்டுபோய் விட்டாள், உண்மைதான். ஆனால் அந்தப் பொருத்தனையோடு காரியம் முடிந்துவிடவில்லை. இரவில் தேவன் சாமுவேலை அவன் பெயரைச் சொல்லியே கூப்பிட வேண்டியிருந்தது. மூன்று தரம் அவன் எழுந்து ஓடியது கிழவரான ஆசாரியர் ஏலியிடம். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு, மறுபடி சத்தம் வந்தால் நீயே பதில் சொல் என்றார் ஏலி. தன் சொந்தப் பிள்ளைகளை அடக்காமல் கெடுத்தவர் அவர். அவருக்கே தன் குரல் எது, தேவனுடைய குரல் எது என்று தெரிந்திருந்தது.

அதே வேதத்தில் இன்னொரு பொருத்தனையும் உண்டு. யுத்தத்தில் ஜெயித்தால், வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைத் தேவனுக்குக் கொடுக்கிறேன் என்றான் யெப்தா. தம்புருவோடு நடனமாடி வந்தது அவனுடைய ஒரே மகள். நேர்ந்தது அப்பன், செலுத்தியது மகள். அவள் பெயர்கூட எழுதப்படவில்லை. நியாயாதிபதிகளின் புத்தகத்தை எத்தனையோ தடவை வாசித்தும் அந்தப் பக்கத்தில் என்னை நான் பார்த்ததில்லை. அன்னாளில் மட்டும்தான் பார்த்தேன்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். காபி குடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் "சரிம்மா" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மன்னித்தாளா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. அடுத்த கல்வியாண்டில் விலங்கியலில் சேர்ந்தாள், தன்னைவிட இளைய பிள்ளைகளோடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதில்லை. நான் கூப்பிடுவதுமில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களிடம், என்னால்தான் என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை சொன்னபோது குரல் வரவில்லை.

சங்கத்தில் தாய்மார்களிடமும் இதைச் சொன்னேன். கைப்பிள்ளையோடு இருந்த ஒரு பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப, பிள்ளைக்காகப் பெருசா எதையும் கேட்கக்கூடாதா அக்கா?" என்றாள். அவளுக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் அனனியாவின் அதிகாரத்திலேயே இருக்கிறது. அவன் இரண்டு வருஷம் என்றதும் எரேமியா முதலில் சொன்னது, ஆமென், கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்பதைத்தான். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அதைத் தேவனுடைய வாக்காக்கிப் பேச அவர் துணியவில்லை.

எனக்கும் ஆசை இன்னும் சாகவில்லை. எந்த மிஷன் ஆஸ்பத்திரி வாசலைக் கடந்தாலும், வெள்ளைக் கோட்டில் அவள் நடந்து வருவதாக ஒரு நிமிஷம் நினைக்கிறேன். போன மாதம் அவளிடமே சொன்னேன்: "உன்னை டாக்டரா பார்க்கணும்னு எனக்கு இன்னமும் ஆசை இருக்கு. அது என் ஆசை, அவ்வளவுதான். கர்த்தர் ஒண்ணும் சொல்லல." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, குளத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறதாம், சனிக்கிழமை கூந்தன்குளம் போகிறேன், நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டாள். சனிக்கிழமை எனக்குச் சங்கக் கூட்டம். வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.