கழற்றி மாட்டிய வீடு

பெய்லீஃப் பண்ணை வீடு 1400-களின் முற்பகுதியில் கென்ட் மாவட்டத்துச் சிடிங்ஸ்டன் பக்கம் எழுந்தது. இன்று அது நிற்பது வெஸ்ட் சசெக்ஸில், சிங்கிள்டன் கிராமத்தில். 1960-களின் இறுதியில் பௌ பீச் நீர்த்தேக்கத்துக்காக நிலத்தை எடுத்தார்கள். வீட்டை இடிக்காமல் மரம் மரமாகக் கழற்றி, வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள். ஐந்து நூற்றாண்டு கடந்த வீட்டை இப்படிக் கழற்ற முடிந்ததற்குக் காரணம் அதைக் கட்டிய தச்சர்கள்தான்.

அதை எனக்குப் புரியவைத்தவர் அங்கே மரவேலை கற்பிக்கும் ஓர் அம்மையார். அவர் முன்னால் கிடந்தது வெட்டிச் சில மாதங்களே ஆன பச்சை ஓக். காய்ந்த ஓக்கில் உளி திணறும், பச்சையில் இறங்கும். "தூண் உள்வரை காயட்டும் என்று காத்திருந்தால் வருஷக்கணக்காகும். அதற்குள் வீட்டைக் கட்டிக் குடியேறிப் பிள்ளையும் பெற்றுவிடலாம்" என்று சிரித்தார்.

பச்சை மரம் காயும்போது சுருங்கும், திருகும். அதைக் கணக்கில் வைத்தே மூட்டுகளைச் செய்கிறார்கள். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் அதற்குள் நுழையும் நாக்கு. இரண்டையும் ஊடுருவி ஒரு மர முளை அடிக்க வேண்டும். முளைக்கான ஓட்டைகள் நேருக்கு நேர் இருக்காது. நாக்கில் உள்ளதை ஒரு நூல் அளவு தள்ளித் துளைப்பார்கள். நுனி சிறுத்த, நன்றாகக் காய்ந்த முளையைக் கொட்டாப்புளியால் அடிக்க அடிக்க, அது நாக்கை உள்ளே இழுத்து இறுக்குகிறது. ஆணி இல்லை, பசை இல்லை. ஓக்கின் துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துவிடும் என்பதும் ஒரு காரணம்.

மரங்கள் எதுவும் அச்சில் வார்த்த மாதிரி நேராக இருப்பதில்லை. ஒவ்வொரு மூட்டும் அதன் ஜோடிக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே தச்சுக்களத்தில் சட்டத்தைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே எண்ணை வெட்டி, கழற்றி, மனைக்கு வண்டியில் ஏற்றினார்கள். எண்கள் ரோமன் எண்கள். நேர்கோடுகள்தான் உளிக்கு எளிது. 1960-களில் வந்தவர்களுக்குப் பழைய தச்சர் செய்ததையே பின்னிருந்து முன்னாகச் செய்ய முடிந்தது.

வீட்டின் நடுவே கூரைவரை திறந்த கூடம். தரை நடுவில் அடுப்பு; புகைபோக்கி கிடையாது. புகை மேலே போய், கைமரங்களைக் கறுக்கவைத்து, இடுக்குகளில் வழி தேடிக்கொள்ளும். சன்னல்களில் கண்ணாடி இல்லை, மரக்கம்பிகளும் கதவுகளும்தான். பார்க்க அழகு, அங்கே ஜனவரியில் குடியிருக்க நான் தயாரில்லை.

சட்டங்களுக்கிடையே குச்சி பின்னி, களிமண், நறுக்கிய வைக்கோல், மாட்டுச் சாணம் பிசைந்து அப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். ஓக் அசைந்தால் இந்தச் சுவரும் கொஞ்சம் இடம் கொடுக்கும். பழைய வீடுகளுக்குச் சிமென்ட் பூசியவர்கள் ஈரத்தை உள்ளே பூட்டி மரத்தை அழுகவைத்தார்கள். அந்தச் சேதத்தைச் சரிசெய்வதும் இன்று இந்தத் தொழிலின் வேலைகளில் ஒன்று.

பார்வையாளர்கள் கூடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கோ பக்கத்தில் நிற்கும் தானியக் கொட்டாரம்தான் பிடித்தது. அது கௌஃபோல்டிலிருந்து வந்தது, 16-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். நடுவே போரடிக்கும் தளம். இருபுறமும் எதிரெதிரே பெரிய கதவுகள். குளிர்காலத்தில் கதிரடித்து, இரண்டையும் திறந்துவிட்டுத் தூற்றினால், குறுக்கே ஓடும் காற்று பதரைக் கொண்டுபோகும், மணி கீழே விழும். வாசலடியில் ஒரு பலகை செருகித் தானியம் வெளியே சிதறாமல் பார்த்துக்கொள்வார்கள். அடித்த தானியத்தை வைக்கும் களஞ்சியத்தை, வட்டத் தொப்பி போட்ட கல்கால்கள்மேல் ஏற்றினார்கள். எலி காலில் ஏறினாலும் தொப்பியைத் தாண்டாது.

அம்மையாரின் பட்டறைக்குத் திரும்பியபோது, அடி அழுகிய ஒரு தூணில் கெட்ட பகுதியை மட்டும் அறுத்துப் புது ஓக்கை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே அறுப்பது என்று முடிவு செய்யவே நேரம் பிடித்தது. நல்ல மரம் ஓர் அங்குலம்கூட வீணாகக் கூடாது. புதுத் துண்டைப் பழசுபோல் சாயம் பூசுவீர்களா என்று கேட்டேன். அம்மையாருக்குக் கோபமே வந்துவிட்டது. "மாற்றிய ஆண்டை அதில் செதுக்கிவிடுவோம். அடுத்துப் பழுது பார்க்க வருகிறவர் ஏமாறக் கூடாது."